காவிரிக் கரையோரம் மெதுவாகச் சைக்கிள் ஓட்ட: பூம்புகாரிலிருந்து திருச்சி வரை

காவிரி டெல்டாவைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்க விரும்புகிறவர்களில் பலர், திருச்சியில் தொடங்கி ஆறு ஓடும் திசையிலேயே கிழக்கு நோக்கிச் சென்று பூம்புகாரில் முடிப்பதாகத்தான் திட்டமிடுகிறார்கள். ஆற்றோடு போனால் வழியெல்லாம் இறக்கமாக இருக்கும் என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். திருச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 80 மீட்டர் உயரத்திலும், கும்பகோணம் 25 மீட்டரளவிலும், மயிலாடுதுறை 10 மீட்டரை ஒட்டியும் இருக்கின்றன. திருச்சிக்கும் கடற்கரைக்கும் இடையே சாலைத் தொலைவு சுமார் 150 கிலோமீட்டர் இருப்பதால், நிலம் கிலோமீட்டருக்கு அரை மீட்டரளவே தாழ்கிறது. அந்தச் சரிவு தண்ணீருக்குத் தெரியும். பெடல் மிதிக்கிற காலுக்குத் தெரியாது. காலுக்குத் தெரிவதெல்லாம் காற்றுதான். எதிர்க்காற்றில் 10 கிலோமீட்டர் மிதித்தவருக்கு அது ஒரு மலையேற்றமாகவே இருந்திருக்கும். ஆகவே எந்த மாதம் புறப்படுவது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, எந்த ஊரில் தொடங்குவது என்பதை அதன் பிறகு முடிவு செய்வதே சரியான வரிசை.

மாதமும் திசையும்

ஆனி முதல் ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று, கரூரையும் திருச்சியையும் கடந்து டெல்டாவுக்குள் வீசுகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது சற்று மிகையாக இருக்கலாம். ஆனால் அந்தக் காற்றுக்கு எதிராகக் கும்பகோணத்திலிருந்து திருவையாறு நோக்கி மிதித்துப் பார்த்தவர் யாரும் அந்தப் பழமொழியை மறுக்க மாட்டார்கள். இந்த மாதங்களில் போகிறவர்கள் திருச்சியில் தொடங்கிக் கிழக்கே போக வேண்டும். தையிலும் மாசியிலும் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. அப்போது காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது; கடலுக்கு அருகில் உள்ள ஊர்களில் பிற்பகலில் கடற்காற்றும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. அந்த மாதங்களில் பூம்புகாரில் தொடங்கி மேற்கே செல்பவருக்குக் காற்றும் முதுகுப்பக்கம், காலை வெயிலும் முதுகுப்பக்கம். கண் கூசாமல், நெற்றி வியர்க்காமல் காலை 10 மணி வரை ஓட்டிவிடலாம்.

இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால், தை நடுவிலிருந்து மாசி நடுவரை உள்ள காலத்தையே நான் சொல்வேன். மேட்டூர் அணையைக் குறுவைக்காக ஜூன் 12-ஆம் தேதி திறப்பதும் ஜனவரி 28-ஆம் தேதி மூடுவதும் மரபு. அணையில் இருப்பு குறைந்த ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போகும் என்பதால் செய்தித்தாளைப் பார்த்துக்கொள்வது நல்லது. தை மாதத்தின் முற்பாதியில் போனால் ஆறுகளில் இன்னும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். பிற்பாதியில் தண்ணீர் வடியத் தொடங்கிவிட்டாலும், வயல்களில் சம்பா அறுவடை முழு மூச்சில் நடக்கும். தண்ணீர் விடுகிற காலத்திலும் கிளை ஆறுகளுக்கு முறை வைத்தே விடுவது உண்டு. ஆகவே இன்று நிறைந்தோடுகிற ஆறு அடுத்த வாரம் இளைத்துக் கிடந்தால் வியப்பதற்கில்லை. மார்கழியிலும் தைத் தொடக்கத்திலும் விடியற்காலையில் பனிமூட்டம் அடர்த்தியாக இறங்கும். அது விலகும்வரை சாலையில் இறங்காமல் இருப்பது கட்டாயம். லாரி ஓட்டுநருக்குச் சைக்கிள் தெரியும் தொலைவும், அவர் பிரேக் அடித்து வண்டியை நிறுத்தும் தொலைவும் அந்த நேரத்தில் ஒத்துப்போவதில்லை.

ஐப்பசியும் கார்த்திகையும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் கரைச் சாலைகள் எல்லாம் சேறாகிவிடும். புயல் எச்சரிக்கையும் எந்த வாரத்திலும் வரலாம். சித்திரையும் வைகாசியும் வெயிலுக்கு உரியவை. ஆறு மணலாகக் கிடக்கும் நாட்களில் கரையோரப் பயணத்தில் பார்ப்பதற்கும் அதிகம் இல்லை.

எந்தச் சைக்கிள்

இருபத்தொரு கியர் வைத்த சைக்கிள் இல்லாமல் நெடும்பயணம் போக முடியாது என்ற நினைப்பு மலைநாட்டில் பொருந்தலாம். டெல்டாவில் மேடு என்று சொல்லத்தக்கவை பாலத்தின் ஏறுமுகமும், வயல்வெளியிலிருந்து ஆற்றுக் கரைக்கு ஏறுகிற சிறு சரிவும் மட்டுமே. அந்த இடங்களில் இறங்கித் தள்ளினாலும் யாரும் குறை சொல்லப் போவதில்லை. பால்காரரும் மீன் வியாபாரியும் பல ஆண்டுகளாக ஓட்டிவந்த, 28 அங்குலச் சக்கரம் வைத்த சாதாரணக் கறுப்புச் சைக்கிளே இந்த நிலத்துக்குப் போதுமானது. கியர் சைக்கிள் வைத்திருப்பவர்கள் அதையே கொண்டுபோகலாம். எதிர்க்காற்று எழும் வேளையில் அதன் பயன் தெரியும். ஆனால் டயர் ஒல்லியாக இருக்கக் கூடாது. கரைச் சாலையின் மண்ணுக்கும் கப்பிக்கும் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத அகலம் வேண்டும்.

வழியில் பழுதுபார்க்கும் வசதியைக் கொண்டு சைக்கிளைத் தேர்ந்தெடுப்பதுதான் அறிவுடைமை. சிற்றூர்களில் சைக்கிள் கடைகள் குறைந்துவிட்டாலும், கடைத்தெரு உள்ள எந்த ஊரிலும் 28 அங்குல, 26 அங்குல ட்யூபும் டயரும் கிடைத்துவிடும். கோட்டம் எடுக்கவும், பால்ரஸ் மாற்றவும், பஞ்சர் ஒட்டவும் தெரிந்த கை ஒன்றாவது அங்கே இருக்கும். பந்தயச் சைக்கிளின் மெல்லிய ட்யூபுக்கும் அதன் ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்கும் தஞ்சாவூர், திருச்சி போன்ற பெரிய நகரங்களுக்குத்தான் போக வேண்டும். மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற ஷ்ரேடர் வால்வு இருந்தால் மோட்டார் சைக்கிள் பஞ்சர் கடையில் நேரடியாகக் காற்று அடித்துக்கொள்ளலாம். பழைய வகைச் சைக்கிளாக இருந்தால், சின்னக் காகிதத்தில் மடித்த இரண்டு மூன்று வால்டியூப் துண்டுகளைப் பணப்பையில் வைத்துக்கொள்வது நல்லது. எடையே இல்லாத அந்த ரப்பர் துண்டு இல்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தவர்கள் உண்டு.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே சைக்கிளை ஓவராயிலுக்கு விட்டு வாங்கிவிட வேண்டும். கடைசி நாளில் விட்டால், புதிதாக இறுக்கிய ஸ்போக்ஸ் கம்பியும் பிரேக் கட்டையும் எப்படிப் படிந்திருக்கின்றன என்று ஓட்டிப் பார்க்க நேரம் இருக்காது. சீட்டின் உயரத்தைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் முழுவதும் நீள வேண்டும். அப்படியிருந்தால், முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடிந்திருக்கும். பெரும்பாலான முழங்கால் வலிகளுக்குத் தாழ்ந்த சீட்டே காரணம்.

சுமையை முதுகில் ஏற்றக் கூடாது. முதுகுப் பையோடு ஓட்டினால் முதல் நாள் மாலையே தோளும் முதுகெலும்பின் அடியும் பேசத் தொடங்கிவிடும். கேரியரின் இரு பக்கமும் தொங்கும் பைகள் நல்லவை. அவை இல்லாவிட்டால், ஒரு பிளாஸ்டிக் சாக்கில் துணிகளைச் சுருட்டி வைத்து, பழைய ட்யூபை நீளவாக்கில் கிழித்த பட்டைகளால் கேரியரில் இறுக்கிக் கட்டிவிடலாம். காய்கறி மூட்டை கட்டுபவர்கள் கையாளும் இந்த முறையில் கட்டு நெகிழ்வதே இல்லை. மாற்றுத்துணி இரண்டு, வேட்டி ஒன்று, துண்டு, காற்றடிக்கும் சிறு பம்ப், பஞ்சர் ஒட்டும் பட்டையும் சொல்யூஷனும், மாற்று ட்யூப் இரண்டு, ஸ்பானர், சங்கிலிக்குச் சிறிது எண்ணெய், முன்னும் பின்னும் எரியும் விளக்கு என்று எடுத்துக்கொண்டால் போதும். வேட்டி எதற்கு என்றால், பல கோயில்களில் அரைக்கால் சட்டையோடு உள்ளே விட மாட்டார்கள். வெயில் வேளையில் அதையே விரித்துப் படித்துறை மண்டபத்தில் படுத்துக்கொள்ளவும் செய்யலாம்.

நெடுஞ்சாலையை விட்டு விலகுதல்

கைப்பேசி வரைபடத்தில் தொடங்கும் ஊரையும் சேரும் ஊரையும் தட்டினால் அது நெடுஞ்சாலையைத்தான் காட்டும். தஞ்சாவூரையும் கும்பகோணத்தையும் இணைக்கும் நான்குவழிச் சாலையில் சைக்கிள் ஓட்டுவது, டெல்டாவுக்கு வந்தும் டெல்டாவைப் பார்க்காமல் போவதற்குச் சமம். ஆற்றின் இரு கரைகளிலும், கிளை வாய்க்கால்களின் ஓரங்களிலும் ஊர்களைக் கோத்துக்கொண்டு செல்லும் சிறு சாலைகளே நமக்கு உரியவை. அவற்றில் சில தார் போட்டவை, சில கப்பி, சில வெறும் மண். செயற்கைக்கோள் படத்தில் ஆற்றை ஒட்டித் தெரியும் மெல்லிய வெள்ளைக் கோடு சைக்கிள் போகிற பாதையாகவும் இருக்கலாம், பாதி வழியில் கருவேலம் புதருக்குள் மறைந்து போவதாகவும் இருக்கலாம்.

இதைத் தீர்த்துக்கொள்ள நேரில் கேட்பதே வழி. ஆனால் கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது. 'இந்த வழியில் போகலாமா அண்ணே?' என்று கேட்டால் போகலாம் என்றுதான் பதில் வரும். ஏனென்றால் அவர் அந்த வழியில் மொபெட்டில் உரமூட்டையோடு போகிறவர். 'கரை மேல் ரோடு எதுவரைக்கும் இருக்கிறது, நடுவில் மதகு உடைந்திருக்கிறதா, மழை பெய்தால் சறுக்குமா?' என்று பிரித்துக் கேட்டால் பயனுள்ள பதில் வரும். கதவணைகளில் ஷட்டரை ஏற்றி இறக்கும் நீர்வளத்துறை லஸ்கர் யாரையாவது பார்க்க நேர்ந்தால் விடக் கூடாது. தன் பொறுப்பில் உள்ள கரையின் ஒவ்வொரு கிலோமீட்டரும் அவருக்கு மனப்பாடம். அன்றைக்கு எந்த ஆற்றில் எவ்வளவு தண்ணீர் விடுகிறார்கள் என்பதும் அவரிடமே தெரியும். தொலைவைப் பற்றி மட்டும் யாரையும் நம்பக் கூடாது. 'பக்கத்தில்தான்' என்பது 2 கிலோமீட்டராகவும் இருக்கலாம், 9 கிலோமீட்டராகவும் இருக்கலாம்.

கரைச் சாலையில் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று சீமைக்கருவேல முள். வேலி கழித்தவர்கள் விட்டுச்சென்ற கிளைகள் பாதையில் கிடக்கும். அந்த முள் தடித்த டயரையும் துளைத்துவிடும். முள்ளைப் பிடுங்காமல் புது ட்யூபை மாட்டினால் அதுவும் பஞ்சராகும். ஆகவே டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்த பிறகே மாட்ட வேண்டும். மற்றொன்று களிமண். கல்லணைப் பக்கம் வண்டல் மணல் கலந்த மண்ணாக இருப்பதால் மழைக்குப் பிறகு விரைவில் காய்ந்துவிடும். கிழக்கே போகப் போக மண் களியாகிறது. ஈரக்களி டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் புகுந்து அடைத்துக்கொண்டால் சக்கரம் சுற்றவே சுற்றாது. முந்தின இரவு மழை பெய்திருந்தால் அந்தக் காலையில் தார்ச்சாலையிலேயே போய்விடுவது நல்லது.

அறுவடைக் காலத்தில் சாலையே களமாகிவிடுகிறது. தார்ச்சாலையின் ஒரு பாதியில் நெல் காயும். உளுந்தோ எள்ளோ செடியோடு பரப்பியிருப்பார்கள். நெல்லின்மேல் ஓட்டக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மறுபாதியில் வண்டி வந்தால் சைக்கிளை நிறுத்தி, அது போன பிறகு செல்ல வேண்டும். பரப்பிய வைக்கோல் வேறு வகையான ஆபத்து. காய்ந்த தாள் சங்கிலியிலும் பிரீவீலிலும் சுற்றிக்கொள்ளும். ஈர வைக்கோல் வழுக்கும். இறங்கி நடப்பதைத் தவிர வேறு உபாயம் இல்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் முன்னால் டிராக்டர்களும் லாரிகளும் வரிசையில் நிற்கும் என்பதால் அந்த இடங்களை நிதானமாகக் கடக்க வேண்டும்.

ஒற்றைத் தடச் சாலைகளில் நகரப் பேருந்துகள் காற்று ஒலிப்பானை அழுத்தியபடி வரும். அவற்றோடு வழக்காடாமல் ஓர மண்ணில் இறங்கிவிடுவதுதான் முறை. ஆனால் தார் விளிம்பு பல இடங்களில் அரை அடி பள்ளமாக இருப்பதால், ஓடுகிற சைக்கிளைச் சாய்வாக இறக்கினால் விழ நேரிடும். பின்னால் பேருந்து வருவது கேட்டவுடனே நல்ல இடமாகப் பார்த்து நின்றுவிடலாம். நாய் துரத்தினால் வேகம் கூட்டுவது வீண். இறங்கி, நமக்கும் அதற்கும் நடுவில் சைக்கிளை வைத்துக்கொண்டு நாலடி நடந்தால் அது சலித்துத் திரும்பிவிடும். இருட்டிய பிறகு கரைமேல் ஓட்டக் கூடாது. பாம்புகள் வெப்பத்துக்காகப் பாதையில் படுத்திருக்கும் நேரம் அது.

வழி

திருவாரூர், நாகப்பட்டினம் பக்கமாகப் போகும் தெற்கு வழிகளும் அழகானவையே என்றாலும், முதல் முறை போகிறவருக்குக் காவிரியை விட்டு விலகாத இந்த வழியே ஏற்றது. மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என்று இருப்புப்பாதையும் ஏறத்தாழ இணையாகவே செல்வதால், உடல் நலமின்றிப் போனாலோ சைக்கிள் பெரிதாகப் பழுதானாலோ எந்த இடத்திலிருந்தும் பயணத்தை முடித்துக்கொள்ளலாம். கீழே சொல்வது தை மாதத்துக்கான வழி. ஆடியில் போகிறவர்கள் இதைத் திருப்பிப் படித்துக்கொள்ளலாம்.

பூம்புகாரில் தங்குமிடங்கள் குறைவு. ஆகவே மயிலாடுதுறையில் தங்கி, காற்று எழுவதற்கு முன் விடியற்காலையில் பூம்புகாருக்குப் புறப்பட்டு, முற்பகலில் காற்றைப் பின்னால் வைத்துக்கொண்டு திரும்புவது வசதி. ஒரு வழித் தொலைவு சுமார் 24 கிலோமீட்டர். போவதும் வருவதும் அதிகம் என்று நினைப்பவர்கள் போகும்போது மட்டும் குட்டி யானை என்கிற சிறு சரக்கு வண்டி ஒன்றை வாடகைக்கு அமர்த்திச் சைக்கிளை ஏற்றிக்கொள்ளலாம். காவிரி கடலில் சேரும் இடத்தைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். ஒரு பெரிய வாய்க்கால் அளவுக்கே அது அகலம். வழியெங்கும் கிளை ஆறுகளுக்கும் வாய்க்கால்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு மிச்சம் வருவது அவ்வளவுதான். மேலையூரில் உள்ள கடைசிக் கதவணையை நின்று பார்த்துவிட்டுப் போனால் இந்தக் கணக்கு விளங்கும். மேற்கே போகப் போக ஆறு அகன்றுகொண்டே போவதையும், பிரிந்து போன கிளைகள் ஒவ்வொன்றும் புறப்பட்ட தலைப்புகளையும் பார்த்துக்கொண்டே செல்வது, கிழக்கிலிருந்து தொடங்குகிறவருக்கு மட்டுமே கிடைக்கிற காட்சி.

மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் சுமார் 36 கிலோமீட்டர். நேர்ச்சாலை குத்தாலம், ஆடுதுறை, திருவிடைமருதூர், திருபுவனம் வழியாக வருகிறது. அதில் பேருந்துகள் மிகுதி. குத்தாலத்தில் பாலம் ஏறிக் காவிரியின் வடகரைக்குப் போய், கஞ்சனூர், சூரியனார்கோயில், திருமங்கலக்குடி ஊர்களின் வழியாகச் சிறு சாலைகளில் சென்று, ஆடுதுறைப் பக்கம் மீண்டும் தென்கரைக்கு வருவது நல்ல மாற்று. சில கிலோமீட்டர் கூடும். ஆனால் வயலுக்கும் வாழைத்தோட்டத்துக்கும் நடுவில் போகிற சாலை. ஆடுதுறை என்றவுடன் நெல் வகைகளின் பெயரில் வரும் ஏடிடி என்ற எழுத்துகள் நினைவுக்கு வராத விவசாயி டெல்டாவில் இல்லை; அந்த வகைகளை உருவாக்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. திருபுவனத்தில் பட்டுத் தறிகளின் ஓசை தெருவிலேயே கேட்கும். திருவிடைமருதூரில் தைப்பூசத்தன்று கூட்டம் நெருக்கும். அந்த நாளைத் தவிர்க்கலாம், அல்லது அந்த நாளுக்காகவே போகலாம்.

கும்பகோணத்தில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவது தகும். காலையில் பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்த கடப்பாவோடு இட்லி சாப்பிட்டுவிட்டு, மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள தாராசுரத்துக்குப் போய்வரலாம். இரண்டாம் இராசராசன் 12-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலை யுனெஸ்கோ 2004-இல் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. மாசி மகத்தை ஒட்டிய நாட்களில் கும்பகோணத்தில் அறை கிடைப்பது அரிது.

அடுத்தது திருவையாறு, இதுவும் சுமார் 36 கிலோமீட்டர். சுவாமிமலை, கபிஸ்தலம், உமையாள்புரம், கணபதி அக்கிரகாரம் என்று காவிரியைப் பெரும்பாலும் கண்ணில் வைத்துக்கொண்டே செல்லும் இந்தச் சாலைதான் பயணம் முழுவதிலும் மிக இனிமையானது என்பது என் கருத்து. சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஸ்தபதிகளின் பட்டறைகள் தெருவோரத்திலேயே இருக்கின்றன. மெழுகில் வடித்த உருவத்தின்மேல் அவர்கள் பூசுவது காவிரியின் வண்டல் மண். நகத்தின் கோடுவரை அச்சில் பதியும் அளவுக்கு அது நுண்மையானது. கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் உள்ளே அழைத்துக் காட்டுவார்கள். உருக்கிய உலோகம் ஊற்றும் நேரமாக இருந்தால் மட்டும் தள்ளி நிற்க வேண்டும். வழியில் வெற்றிலைக் கொடிக்கால்களும் தென்படும். அகத்தி நிழலில் படர்ந்த கொடிகளுக்கு நடுவே குளிர்ச்சியாக இருக்கிறது என்று அனுமதி கேட்காமல் நுழைந்துவிடக் கூடாது. கேட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுச் செல்ல வேண்டும்.

திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை நடக்கும் நாட்கள் பெரும்பாலும் ஜனவரியில் வருகின்றன. அந்த வாரத்தில் அறை கிடைக்காவிட்டால் 13 கிலோமீட்டர் தெற்கே உள்ள தஞ்சாவூருக்குப் போய்த் தங்கலாம். காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆறுகளையும் பாலம் பாலமாகக் கடக்கும் வழி அது. ஆனால் சைக்கிளில் வந்தவர் இந்த ஊரில் செய்ய வேண்டிய வேறொரு காரியம் இருக்கிறது. திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் ஆகிய ஏழு ஊர்களையும் சித்திரை, வைகாசியில் ஏழூர்ப் பல்லக்கு சுற்றிவருகிறது. பல்லக்குச் சுற்றும் அதே வரிசையில் சைக்கிளிலும் சுற்றலாம். ஊருக்கு ஊர் சில கிலோமீட்டர்தான். ஒவ்வொன்றிலும் தேவாரப் பாடல் பெற்ற சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. இடையில் உள்ளதெல்லாம் வயலும் தோப்பும் ஆறும். பல்லக்கு மணலில் இறங்கிக் கடந்துவிடும் ஆறுகளுக்கு நாம் பாலம் தேடிச் சற்றுச் சுற்ற வேண்டியிருக்கும். அவசரப்படாமல் ஒரு முழு நாளை இதற்கு ஒதுக்கி, மாலையில் கடைத்தெருவில் பாசிப்பருப்பும் நெய்யும் சேர்த்துக் கிளறிய அசோகாவைச் சூடாக வாங்கிச் சாப்பிடலாம். காலையிலேயே சாப்பிட்டால் பெடல் மிதிக்க மனம் வராது.

கடைசிப் பகுதியான திருவையாறு முதல் திருச்சி வரையிலான வழி 50 கிலோமீட்டரைத் தாண்டும். நடுவில் தங்க வசதி குறைவு என்பதால் விடியும்போதே புறப்பட்டுவிட வேண்டும். காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் திருக்காட்டுப்பள்ளியில் காலை உணவை முடித்துக்கொண்டு, கோவிலடி வழியாக முற்பகலுக்குள் கல்லணை சேர்ந்துவிடலாம். கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்த அணையில்தான் கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, 1934-இல் பாசனத்துக்கு வந்த கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் நான்காகப் பிரிகிறது. அணைப் பாலம் குறுகலானது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஆடிப்பெருக்கன்றும் அதில் சைக்கிளைத் தள்ளக்கூட இடம் இருக்காது. அங்கிருந்து திருச்சிக்குத் தென்கரைச் சாலையும் உண்டு என்றாலும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் தீவு போல் கிடக்கும் நிலத்தில் கிளிக்கூடு, உத்தமர்சீலி வழியாகத் திருவானைக்காவல் போகும் சாலையையே தேர்ந்தெடுக்க வேண்டும். இருபுறமும் வாழைத்தோட்டம், பிற்பகலிலும் நிழல் இருக்கும்.

ஒரு நாளின் அமைப்பு

கோயில்கள் பெரும்பாலும் பகல் 12 மணியளவில் நடை சாத்தி மாலை 4 மணிக்குத் திறக்கின்றன. சைக்கிள்காரருக்கும் அதுவே ஏற்ற அட்டவணை. காலை 6 மணிக்குப் புறப்பட்டு 10.30 மணிவரை ஓட்டி, வெயில் நேரத்தை ஆலமரத்தடியிலோ மண்டபத்திலோ கழித்து, மாலை 4 மணிக்குமேல் மிச்சத்தை முடித்துவிடலாம். மணிக்கு 12 கிலோமீட்டர் என்று ஓட்டினாலும், நிற்பதற்கும் பேசுவதற்கும் பார்ப்பதற்கும் போக, ஒரு காலையில் 25 கிலோமீட்டர் எளிதில் ஆகிவிடும். வேகத்தைக் காட்டும் கருவி பொருத்தியிருந்தால் அதைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம்.

தாகம் எடுத்த பிறகு குடிப்பது காலங்கடந்த செயல். இரண்டு லிட்டர் தண்ணீர் எப்போதும் கையில் இருக்க வேண்டும். இளநீரும் உப்புப் போட்ட நீர்மோரும் கிடைக்கும் இடத்தில் எல்லாம் குடிக்கலாம். மதியம் வாழையிலைச் சாப்பாட்டைப் பாயசம் வரை முடித்துவிட்டு உடனே சைக்கிளில் ஏறுவது நடக்காத காரியம். முழுச் சாப்பாட்டை இரவுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஆற்றில் குளிக்க விரும்புகிறவர்கள் ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில் மட்டும் இறங்க வேண்டும். மணல் எடுத்த பள்ளங்கள் தண்ணீருக்கடியில் தெரிவதில்லை. மேட்டூரிலிருந்து உபரிநீர் திறந்திருப்பதாகச் செய்தி வந்தால் கரையோடு நின்றுவிட வேண்டும். கும்பகோணத்திலிருந்து அணைக்கரைக்குப் போய்ப் பார்க்கிறவர்கள் அங்கே கொள்ளிடத்தில் கால் நனைக்கவும் கூடாது, முதலைகள் உண்டு.

திருச்சியிலிருந்து சைக்கிளை ரயிலில் திருப்பி அனுப்ப நினைப்பவர்கள், வண்டி புறப்படும் நேரத்துக்கு வெகு முன்னதாகவே பார்சல் அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும். பைகளைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பிக் கட்டி, சேரும் நிலையத்தின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதிய அட்டையைச் சட்டத்தில் இரண்டு இடங்களில் கட்டிவிட்டால் அங்கே நேரம் வீணாகாது. களிமண் ஒட்டிய சைக்கிளை அப்படியே அனுப்பாமல் ஒரு வாளித் தண்ணீரில் கழுவிச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டு அனுப்புவது நல்லது. பார்சலில் சில நாட்கள் காத்துக் கிடந்தால் அந்த ஈரத்திலேயே துரு ஏறிவிடும்.